பூமி குலுங்குகிறது, கொல்வது யார்?

 

2023 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. அதிகாலை 4 மணி 17 நிமிடம். துருக்கியின் தென்கிழக்கு மாகாணங்களும் சிரியாவின் வடபகுதியும் கடுங்குளிரில் உறங்கிக் கொண்டிருந்தன. சுப்ஹு பாங்கிற்கு இன்னும் நேரமிருந்தது. அப்போது பூமி குலுங்கியது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் கணக்கில் 7.8. ஓரிரு நிமிடங்களுக்குள் கஹ்ராமன்மராஷ், அந்தாக்கியா, அடியாமான் என்று நகரம் நகரமாக அடுக்குமாடிக் கட்டிடங்கள் சரிந்தன. தப்பியவர்கள் உறவினர்களைத் தேடி இடிபாடுகளைக் கிளறிக் கொண்டிருக்கும்போதே, பகல் 1 மணி 24 நிமிடத்திற்கு 7.5 அளவில் மற்றொரு பூகம்பம். துருக்கியில் மட்டும் 53 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். போரினால் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்த சிரியாவில் மேலும் பல ஆயிரம் பேர். அந்தாக்கியாவின் பழம்பெரும் ஹபீப் நஜ்ஜார் பள்ளிவாசலும் மண்மேடாயிற்று.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்று சொன்னோம். வசூல் செய்து அனுப்பினோம். நம் நாடும் 'ஆபரேஷன் தோஸ்த்' என்ற பெயரில் மீட்புப் படையையும் ராணுவ மருத்துவமனையையும் அனுப்பியது. பிறகு வழக்கம்போல் மறந்தோம். ஆனால் அந்த இடிபாடுகளுக்கடியில் ஒரு கேள்வி இன்னும் புதைந்து கிடக்கிறது. பூமி குலுங்கியது உண்மை. அந்த மக்களைக் கொன்றது யார்?

மிம்பரில் சொல்லப்படும் பதில்

எங்கே பூகம்பம் வந்தாலும் அடுத்த ஜும்ஆவில் சில மிம்பர்களிலிருந்து ஒரு பதில் வரும். 'அந்த ஊரில் பாவம் பெருகி விட்டது. அல்லாஹ் தண்டித்து விட்டான்.' சொல்வதற்கு எளிது. சொன்னவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடவும் செய்யலாம்.

எண்ணிப் பாருங்கள்! இடிபாட்டில் சிக்கி இறக்கும் முஃமினை ஷஹீத்களின் பட்டியலில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். ஷஹீத் என்று நபியவர்கள் சொன்னவரைப் பாவி என்று சொல்ல நமக்கு அதிகாரம் தந்தது யார்? நபியவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மகனின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். துக்கத்தின் நடுவிலும் நபியவர்கள் அந்தப் பேச்சை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய மரணத்திற்காகவும் அவற்றிற்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவாக அறிவித்தார்கள்.

'ஷுஐப் (அலை) அவர்களின் சமுதாயம் அளவை நிறுவையில் மோசடி செய்ததால் பூகம்பத்தால் அழிக்கப்பட்டது என்று குர்ஆனிலேயே இருக்கிறதே?' என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. அது வஹீ மூலம் நமக்கு அறிவிக்கப்பட்டது. கஹ்ராமன்மராஷில் தொட்டிலில் இறந்த குழந்தையைப் பற்றி நம்மில் யாருக்கு வஹீ வந்தது? மத்யன்வாசிகளின் வரலாற்றில் நாம் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பூமிக்கடியில் நடப்பது என்ன?

நாம் நிற்கும் தரை ஒரே பாறையாக இல்லை. பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிளவுபட்டிருக்கிறது. அந்தத் தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், நம் நகம் வளரும் வேகத்தில், ஓயாமல் நகர்கின்றன. அரேபியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து துருக்கி இருக்கும் அனத்தோலியப் பகுதியை நெருக்குகிறது. வடக்கே யுரேசியத் தட்டு வழி விடுவதில்லை. இரண்டு விரல்களுக்கிடையே அகப்பட்ட ஈரச் சோப்பு பக்கவாட்டில் பிதுங்குவது போல் அனத்தோலியா மேற்கே தள்ளப்படுகிறது.

சோப்பு வழுக்கும், பாறை வழுக்காது. தட்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து பூட்டிக் கொள்கின்றன. பூட்டு அப்படியே இருக்க, பின்னாலிருந்து தள்ளுவது மட்டும் நிற்பதில்லை. வில்லை வளைத்தது போல் பாறைக்குள் விசை பல நூறு ஆண்டுகள் சேர்கிறது. ஒருநாள் பூட்டு அறுபடுகிறது. 2023-ல் கிழக்கு அனத்தோலியப் பிளவு 300 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்திற்குக் கிழிந்தது. சில இடங்களில் தரை பல மீட்டர் நகர்ந்தது. சேர்ந்திருந்த விசையெல்லாம் அலைகளாகப் பாய்ந்தது. அதுதான் பூகம்பம்.

அதன் அளவைச் சொல்லும் எண்ணையும் சரியாகப் புரிந்து கொள்ள வேண்டும். 6-க்கும் 7-க்கும் வேறுபாடு ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு.

பூகம்பம் வரக்கூடிய பகுதிகளை அறிவியல் காட்டித் தரும். நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் வழி இதுவரை மனிதனிடம் இல்லை. 'நாளை இரவு வருகிறது' என்று கைப்பேசியில் சுற்றும் செய்தி பொய். அதைப் பரப்புவதும் பொய்யே.

இரண்டு நாடுகள் சொல்லும் சாட்சி

பூகம்பத்தின் அளவுதான் சாவைத் தீர்மானிக்கிறது என்றால் இதற்கு என்ன பதில்? 2010 ஜனவரி 12-ல் ஹைத்தி நாட்டில் 7.0 அளவில் பூகம்பம். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அந்நாட்டு அரசு சொன்ன கணக்கு இரண்டு லட்சத்தையும் தாண்டியது. ஆறே வாரங்களில், பிப்ரவரி 27-ல், சிலி நாட்டில் 8.8. ஹைத்தியை விட ஏறத்தாழ 500 மடங்கு சக்தி! இறந்தவர்களோ சுமார் 525 பேர். அவர்களிலும் பலரைக் கொண்டு போனது பின்னால் வந்த கடல் அலை.

சிலி 1960-ல் உலகிலேயே பதிவான மிகப் பெரிய பூகம்பத்தைக் கண்ட நாடு. அடிபட்டுப் படித்தது, கட்டிடச் சட்டத்தை எழுதியது, எழுதியதை அமல்படுத்தியது. ஹைத்தியில் வறுமை இருந்தது, கேட்பாரில்லை, கலவையில் சிமென்டும் இல்லை.

துருக்கிக்குள்ளேயே இன்னொரு சாட்சி உண்டு. மிக மோசமாக அழிந்த ஹதாய் மாகாணத்தில் எர்ஸின் என்று ஒரு சிற்றூர். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். அங்கே ஒரு கட்டிடமும் இடிந்து விழவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. சட்டவிரோதக் கட்டுமானத்தை நாங்கள் அனுமதித்ததில்லை என்று அவ்வூர் மேயர் சொன்னார். ஊர் அமைந்திருக்கும் தரை உறுதியானது என்பதும் ஒரு காரணம் என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். எந்தத் தரையில் கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் இரண்டுமே மனிதன் எடுக்கும் முடிவுகள்தாம். அந்தாக்கியா ஆற்றுவண்டல் மண்ணில் பரந்து கிடந்தது. அப்படிப்பட்ட மண் அதிர்வைக் குறைக்காது, பெருக்கும். நீர் தேங்கிய மணலோ குலுங்கும்போது கூழாகி விடும். இஸ்கந்தருன் துறைமுகப் பட்டினத்தில் கரை அமிழ்ந்து கடல் நீர் தெருவுக்குள் புகுந்தது அதனால்தான்.

எச்சரிக்கை வரவில்லையா?

வந்தது, பலமுறை வந்தது. 1999 ஆகஸ்ட் 17 அதிகாலை, இஸ்மித் நகரை மையமாகக் கொண்டு 7.6 அளவில் வந்த பூகம்பம் 17 ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. அப்போதும் பழுதான கலவை, மெலிந்த கம்பி, லஞ்சம் வாங்கிய அனுமதி என்று நாடே கொதித்தது. கட்டிட ஆய்வுக்குச் சட்டம் வந்தது. பூகம்ப வரி என்று மக்கள் அழைத்த வரியும் வந்தது. 2020 ஜனவரி 24-ல் எலாஸிக் நகரருகே இதே கிழக்கு அனத்தோலியப் பிளவு அசைந்து 41 பேர் இறந்தனர். அடுத்தது மராஷ் பக்கம் என்று நிலவியல் அறிஞர் நாஜி கொருர் போன்றவர்கள் எச்சரித்தார்கள்.

இந்த எச்சரிக்கைகளுக்கு நடுவே, 2018-ல் தேர்தல் வந்த நேரத்தில் அந்த அரசு செய்தது என்ன? 'கட்டிட சமாதானம்' என்ற பெயரில் ஒரு மன்னிப்பு. அனுமதியின்றிக் கட்டிய கட்டிடமா? விதியை மீறி ஏற்றிய மாடியா? கட்டணம் கட்டுங்கள், சான்றிதழ் பெறுங்கள்! லட்சக்கணக்கான கட்டிடங்கள் இப்படிச் சட்டபூர்வமாயின. கஜானாவுக்குப் பணம் வந்தது, வாக்கும் வந்தது. ஆனால் ஒரு தூணிலும் ஒரு கம்பி கூடுதலாகச் சேரவில்லை. தாளில் நேரான கட்டிடம் தரையில் கோணலாகவே நின்றது.

ஆட்சி செய்தவர்கள் முஸ்லிம்கள், கட்டியவர்கள் முஸ்லிம்கள், குடியிருந்து மடிந்தவர்களும் முஸ்லிம்கள். நம்மவர் ஆட்சி என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால், அடுத்தவர் ஆட்சியின் அநீதியைக் கேட்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

வியாபாரிகளே, இது உங்களுக்கு!

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள் நபியவர்கள். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

ஒரு கட்டிடத்துக்குள் கையை விட்டுப் பார்க்க முடியாது. வெளியே பளபளக்கும் பூச்சு, மார்பிள் தரை, வண்ண விளக்கு. உள்ளே எத்தனை கம்பி, கலவையில் எத்தனை மூட்டை சிமென்ட் என்பது கட்டியவனுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். பூகம்பம்தான் கையை விட்டுப் பார்க்கிறது! அடியாமான் நகரில் ஒரு ஹோட்டல் சரிந்து 72 பேர் இறந்தனர். கைப்பந்துப் போட்டிக்காக வடக்கு சைப்ரஸிலிருந்து வந்திருந்த பள்ளிச் சிறார்களும் அவர்களோடு வந்த ஆசிரியர்களும் பெற்றோரும் அதில் அடக்கம். ஆற்றிலிருந்து அள்ளிய சரளையும் மணலும் அந்தக் கட்டிடத்தின் கான்கிரீட்டில் இருந்ததை நிபுணர் அறிக்கைகள் கூறின. 2024 டிசம்பரில் அதன் உரிமையாளருக்கு நீதிமன்றம் 18 ஆண்டுக்கும் மேல் சிறை விதித்தது. அனுமதி கொடுத்த அதிகாரிகள் மீது வழக்குத் தொடரவோ அந்நாட்டுச் சட்டப்படி நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் காத்துக் கிடந்தன.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. தரைத்தளத்தில் கடை வைத்தவர்கள் இடம் விசாலமாக வேண்டும், சாமான் வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டும் என்று நடுவில் நின்ற தூணை வெட்டி எடுக்கும் வழக்கம் துருக்கியில் இருந்தது. பூகம்பத்திற்குப் பின் நடந்த வழக்குகளில் இது பேசப்பட்டது. ஒரு தூண் போனால் அதன் பாரம் பக்கத்துத் தூணில் ஏறும். சாதாரண நாட்களில் அது தாங்கிக் கொள்ளும். குலுங்கும்போது தாங்காது. கீழே ஒரு கடை இரண்டடி அகலமாயிற்று. மேலே பத்து வீடுகள் ரொட்டி அடுக்கியது போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தன.

மத்யன்வாசிகள் தராசில் குறைத்தார்கள். அழிவு அவர்களையே பிடித்தது. இன்று கம்பியில் குறைத்தவன் வேறு ஊரில் பத்திரமாக இருக்கிறான். ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கியவன் அதற்கடியில் கிடக்கிறான். மறுமை நாளின் விசாரணை அவனுக்காகக் காத்திருக்கிறது. ஆனால் இம்மையிலும் அவன் தப்பி விடாமல் பார்ப்பது நம் கடமை.

சாய்ந்த சுவரின் சட்டம்

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா தெரியும். அதில் பொதுவழிப் பக்கம் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு பகுதி உண்டு. ஒருவருடைய சுவர் சாய்ந்து விட்டது. இடித்து விடும்படி அவரிடம் கோரப்பட்டு, அதற்குச் சாட்சியும் வைக்கப்பட்டது. இடிக்க அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. பிறகு அது விழுந்து உயிர் போனால் அவர் பொறுப்பாளி, நஷ்டஈடு கடமையாகும். 'காற்று தள்ளியது, விதி முடிந்தது' என்ற சாக்கு எடுபடாது. ஆரம்பத்திலேயே சாய்வாகக் கட்டியவருக்கோ எச்சரிக்கை கூடத் தேவையில்லை. கட்டியபோதே அவர் பொறுப்பாளியாகி விட்டார்.

எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சட்டம்! கத்ரை நம்பிய அதே உலமாக்கள்தாம் இதையும் எழுதினார்கள். மரணத்தின் நேரம் அல்லாஹ்விடம் இருக்கிறது. சுவரின் பொறுப்பு சுவருக்கு உரியவனிடம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக் கொள்வதில்தான் மோசடிக்காரன் ஒளிந்து கொள்கிறான்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு

2025 மார்ச் 28. ரமளான் மாதத்தின் ஜும்ஆ நாள். பர்மாவின் மண்டலே, சகைங் நகரங்களில் மக்கள் பள்ளிவாசல்களில் கூடியிருந்த நண்பகல் நேரத்தில் 7.7 அளவில் பூகம்பம் வந்தது. பழைய பள்ளிவாசல்கள் தொழுகையாளிகள் மீதே சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் நோன்போடு மாண்டார்கள். அந்நாட்டில் பழைய பள்ளிவாசலைப் பழுது பார்ப்பதற்குக்கூட முஸ்லிம்களுக்கு அனுமதி கிடைப்பது அரிதாக இருந்தது. பழுது பார்க்க விடாதவர்களும் அந்தச் சாவில் பங்காளிகளே.

அவர்களுக்கு அனுமதி இல்லை. நமக்கு என்ன தடை? நூறாண்டு பழமையான சுண்ணாம்புச் சுவர் மீது கான்கிரீட் மாடி ஏற்றுகிறோம். அதற்கு மேல் மினாரா எழுப்புகிறோம். அஸ்திவாரம் தாங்குமா என்று கேட்டால், 'நம்ம மேஸ்திரி பார்த்துச் சொல்லி விட்டார்' என்கிறோம். மினாராவின் உயரத்திற்கு வசூல் கிடைக்கிறது. அஸ்திவாரத்தைச் சோதிக்கப் பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் மட்டும் வீண் செலவாகத் தெரிகிறது.

நம் ஊருக்கு இது வேண்டுமா?

துருக்கியைப் போல் தமிழகம் தட்டுகளின் விளிம்பில் இல்லை. ஆனால் 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில் பூகம்பம் வந்தபோது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றில் தரைத்தளம் வாகனம் நிறுத்த வெறும் தூண்களோடு விடப்பட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் பூமி அசைந்தது. சென்னை மக்கள் வீதிக்கு ஓடி வந்தார்கள். 2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தரக்குறியீடு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது.

இன்னும் ஒன்று. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அன்று எந்தப் பூகம்பமும் வரவில்லை. மழைதான் பெய்தது! விதிமீறிய கட்டிடங்களைக் கட்டணம் வாங்கிக் கொண்டு வரன்முறைப்படுத்தும் சட்டப்பிரிவுகளைத் தமிழகமும் 1990-களின் இறுதியிலிருந்து பார்த்திருக்கிறது. ஆகவே துருக்கியின் கதை நமக்கு அன்னியமானதல்ல.

செய்ய வேண்டியவை

வீடு கட்டுபவரே! வரைபடத்தைக் கட்டுமானப் பொறியாளரிடம் கொடுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். மண் பரிசோதனை செய்யுங்கள். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ரிங் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றனவா, அவற்றின் கொக்கிகள் உள்நோக்கி நன்றாக மடக்கப்பட்டிருக்கின்றனவா என்று கான்கிரீட் போடுவதற்கு முன் நின்று பாருங்கள். குலுங்கும்போது கட்டிடத்தைப் பிடித்து வைப்பது அந்தச் சிறிய கம்பிதான். கலவையில் தண்ணீரைக் கொட்டி இளக்க விடாதீர்கள். போட்ட கான்கிரீட்டை நாள் குறையாமல் நனையுங்கள்.

கம்பி, சிமென்ட் விற்பவரே! எடை குறைந்த கம்பியை முழு எடை விலைக்கு விற்றால் அது தராசு மோசடி மட்டுமல்ல. அந்தக் கம்பிக்குக் கீழே ஒரு குடும்பம் உறங்கப் போகிறது.

கடை வாடகைக்கு எடுப்பவரே! தூணிலும் தாங்கு சுவரிலும் உளி படக்கூடாது. முந்தைய வாடகைதாரர் வெட்டியிருந்தால் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சாய்ந்த சுவருக்குச் சாட்சி வைப்பது என்பது இதுதான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மாடி ஏற்றும் முன் பொறியாளரின் எழுத்துபூர்வமான அறிக்கையைப் பெறுங்கள். அதை ஜமாஅத்தார் பார்க்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இளைஞர்களே! சிரியாவின் வடமேற்குக்கு ஐ.நா.வின் முதல் உதவி வண்டி மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரை தோண்டியவர்கள் உள்ளூர் மீட்புக் குழுவினரும் அண்டை வீட்டாரும்தான். எந்தப் பேரிடரிலும் முதல் மீட்பாளர் பக்கத்து வீட்டுக்காரரே. ஆகவே முதலுதவியும் தீயணைப்பும் கற்றுக் கொள்ளுங்கள். தீயணைப்புத் துறையினரை ஊருக்கு அழைத்துப் பயிற்சி பெறுங்கள். உங்கள் தெருவில் விதியை மீறி மாடி ஏறினால் தகவல் உரிமைச் சட்டத்தில் அனுமதி நகலைக் கேளுங்கள். கட்டுபவர் நம்மவராக இருந்தாலும் கேளுங்கள். நம்மவராக இருந்தால் இன்னும் முந்திக் கேளுங்கள்.

ஜில்ஜால் என்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. நம்மில் சிறு பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். பூமி குலுங்கும் அந்த நாளில் அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் எடுத்துக் காட்டப்படும் என்பதில் அது முடிகிறது. தூணுக்குள் மறைத்த ஒரு கம்பியும் அந்தக் கணக்கில் உண்டு. நம் பூமி குலுங்குவதற்கு முன்பே நம் தூண்களை எண்ணிப் பார்த்துக் கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.